லண்டனில் ஒரு ராத்திரி: லெனார்ட் கோஹனும் காணாமல் போன பென்ஷன் பணமும்

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் மியூசிக் சிஸ்டம் என் கையில். வாரத்தின் மற்ற நேரமெல்லாம் அது யார் கையில் என்று இதைப் படிக்கும் குடும்பஸ்தர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் நான் அடிக்கடி போடும் ஒரு சிடி உண்டு. போட்ட உடனே என் பெண் கேட்பாள்: "அப்பா, இந்தத் தாத்தா பாடறாரா, பேசறாரா?"

நியாயமான கேள்விதான். நாம் வளர்ந்த பாட்டில் ஆண் குரல் என்றால் மேலே மேலே ஏற வேண்டும், ஏறி நின்று கைதட்டல் வாங்க வேண்டும். இவர் குரலோ கிணற்றுக்குள் வாளி இறங்குகிற மாதிரி கீழே கீழே போகும். முதல் தடவை கேட்டபோது எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை.

சிடியின் பெயர் 'லைவ் இன் லண்டன்'. பாடியவர் லெனார்ட் கோஹன், கனடா நாட்டுக்காரர். 2008 ஜூலை 17ஆம் தேதி லண்டன் ஓ2 அரங்கில் நடந்த கச்சேரியின் நேரடி ஒலிப்பதிவு. 2009 மார்ச் கடைசியில் வெளிவந்தது. இரண்டு சிடி, 26 டிராக், ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். அன்றைக்கு அவருக்கு வயது 73. நான் வாங்கியது 2010ல், காலா கோடாவில் இருந்த ரிதம் ஹவுஸில். மும்பை நண்பர்களுக்கு அந்தக் கடை ஞாபகம் இருக்கும். 2016ல் மூடிவிட்டார்கள். கடை போய்விட்டது, சிடி மட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

எனக்கு இசை ஞானம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பி.காம். படித்துவிட்டு பேங்கில் சேர்ந்தவன். ராக் இசையின் வரலாறு எழுத எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்டால் பதில் இல்லை. ஆனால் இந்த ஒலிப்பதிவுக்குப் பின்னால் ஒரு பேங்க் கதை இருக்கிறது. அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு என்றே நினைக்கிறேன். சொல்ல ஒரு காரணமும் உண்டு. அது பின்னால் வரும்.

முதலில் ஆளைப் பற்றி. கோஹன் 1934 செப்டம்பர் 21ஆம் தேதி மாண்ட்ரியலில் ஒரு வசதியான யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவுக்குத் துணிக்கடை வியாபாரம். மகனுக்கு ஒன்பது வயதாகும்போது அப்பா காலமாகிவிட்டார். மெக்கில் பல்கலைக்கழகத்தில் படித்து 1955ல் பட்டம் வாங்கினார். மறு வருஷமே முதல் கவிதைப் புத்தகம். 1960ல் கிரேக்க நாட்டின் ஹைட்ரா தீவில் 1,500 டாலருக்கு ஒரு பழைய வீடு வாங்கிக்கொண்டு அங்கே உட்கார்ந்து எழுதினார். இரண்டு நாவல்களும் வந்தன. பெயர் வந்ததே தவிர பணம் வரவில்லை. எழுதிப் பிழைக்க முடியாது, பாட்டு பாடினால் நாலு காசு வரும் என்று நினைத்துத்தான் கிடாரைத் தூக்கிக்கொண்டு நியூயார்க் போனார். முதல் ஆல்பம் 1967 டிசம்பரில் வந்தபோது அவருக்கு 33 வயது. ராக் உலகத்தில் அது தாத்தா வயது. கிட்டத்தட்ட ரிட்டயர்மென்ட் வயதில் புரொபேஷனரி ஆபீசராகச் சேர்கிற மாதிரி :-)

இவரை ராக் பாடகர் என்று சொல்லலாமா என்று சிலர் கேட்கலாம். நாட்டுப்பாடல், ஜாஸ், தேவாலயப் பாட்டு, கேபரே எல்லாம் கலந்த ஒரு தனி வழி அவருடையது. ஆனால் 2008 மார்ச்சில் அமெரிக்காவின் 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' அவரைச் சேர்த்துக்கொண்டது. அவர்களே சேர்த்துக்கொண்ட பிறகு நாம் என்ன ஆட்சேபம் சொல்வது?

ஆரம்பத்திலிருந்தே அவருக்கு ஒரு பலவீனம் இருந்தது. காகிதத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது. அவருக்குப் பெயர் வாங்கித் தந்த 'சூசன்' பாட்டின் உரிமையே 1960களில் அப்படித்தான் கை நழுவிப் போனது. பாட்டு உலகமெல்லாம் ஒலித்தது, எத்தனையோ பேர் பாடினார்கள், உரிமைப் பணம் வேறு ஒருவருக்குப் போனது. இந்த விஷயத்தை இங்கே ஒரு பென்சில் குறியாகப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மேடையில் அவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒரு பழைய சம்பவம் இருக்கிறது. 1970 ஆகஸ்ட் கடைசியில் இங்கிலாந்தின் வைட் தீவில் ஒரு பெரிய இசை விழா. ஆறு லட்சம் பேர் கூடினார்கள் என்பார்கள். டிக்கெட் இல்லாமல் வந்த கூட்டம் வேலியை உடைத்தது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசிக்கும்போது மேடையிலேயே நெருப்புப் பிடித்தது. எல்லோரும் கோபத்தில், களைப்பில், குளிரில் இருந்த ராத்திரி இரண்டு மணிக்குத் தூங்கிக்கொண்டிருந்த கோஹனை எழுப்பி மேடைக்கு அனுப்பினார்கள். அவர் அவசரமே படவில்லை. சின்ன வயதில் அப்பா சர்க்கஸ் கூட்டிப்போன கதையைச் சொன்னார். இருட்டில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும், ஆளுக்கொரு தீக்குச்சி கொளுத்துங்கள் என்று கேட்டார். பிறகு மெதுவாகப் பாட ஆரம்பித்தார். கூட்டம் அடங்கியது. அந்த ஒலிப்பதிவும் சிடியாக இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் அது வெளிவந்ததும் 2009ல்தான், லண்டன் கச்சேரி வந்த அதே வருஷம். ஒரே ஆள், 35 வயதிலும் 73 வயதிலும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பார்த்தால் தெரியும். குரல் முழுசாக மாறிவிட்டது, நிதானம் மாறவில்லை.

நடுவில் நிறைய ஏற்ற இறக்கம். 1984ல் 'வேரியஸ் பொசிஷன்ஸ்' என்ற ஆல்பத்தை அவருடைய சொந்தக் கம்பெனியே அமெரிக்காவில் வெளியிட மறுத்துவிட்டது. அந்த ஆல்பத்தில்தான் 'ஹாலேலூயா' இருக்கிறது. வருஷக்கணக்கில் எழுதி எழுதி அடித்த பாட்டு. 1991ல் ஜான் கேலும், 1994ல் ஜெஃப் பக்லியும் பாடிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 'ஷ்ரெக்' படத்தில் வருமே, அதே பாட்டுதான். "அது இந்தத் தாத்தா எழுதினதா?" என்று என் பெண் வாயைப் பிளந்தாள். அன்றிலிருந்து தாத்தாவுக்கு வீட்டில் கொஞ்சம் மரியாதை.

1993ல் ஒரு சுற்றுப்பயணத்தை முடித்ததோடு கோஹன் மேடையை விட்டு ஒதுங்கினார். நீண்ட கால மனச்சோர்வு, குடி, களைப்பு. 1994ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் மவுண்ட் பால்டி மலையில் இருக்கும் ஜென் மடத்துக்குப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். 1996ல் முறைப்படி துறவியும் ஆனார். விடிகாலையில் எழுவது, பனியைத் தள்ளுவது, குருவுக்குச் சமைப்பது, தியானம். இப்படி ஐந்து வருஷம்.

1999ல் மலையை விட்டு இறங்கி அவர் வந்தது எங்கே தெரியுமா? நம்ம மும்பைக்கு. கெம்ப்ஸ் கார்னரில் ஒரு சாதாரண ஹோட்டலில் ரூம் எடுத்துத் தங்கினார். தினமும் காலையில் ரமேஷ் பால்சேகர் என்ற பெரியவர் வீட்டுக்குப் போய் அவர் பேசுவதைக் கேட்டார். இந்தப் பெரியவர் அத்வைத வழியில் பேசுபவர். கேத்வாடியில் பீடிக்கடை வைத்திருந்த நிசர்கதத்த மகராஜின் சீடர். அதற்கு முன்னால் என்ன வேலை பார்த்தார் என்று கேட்டால் எங்கள் ஜாதி: பேங்க் ஆஃப் இந்தியாவின் தலைமைப் பொறுப்பு வரை உயர்ந்து ஓய்வு பெற்ற பேங்கர்! மும்பைக்கு மாற்றலாகி வந்த புதிதில் ஒரு சீனியர் இதைச் சொன்னபோது நான் நம்பவில்லை. பிறகு படித்துப் பார்த்தேன், உண்மைதான். பால்சேகர் 2009 செப்டம்பரில் காலமானார்.

கோஹனின் பல வருஷத்து மனச்சோர்வு அந்தக் காலத்தை ஒட்டித்தான் மெல்ல விலக ஆரம்பித்தது. அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பெடர் ரோடு வழியாக பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும். கூடவே ஒரு அசட்டு எண்ணமும் வரும். தினமும் காலையில் எதிரே உட்கார்ந்திருந்த அந்த ரிட்டயர்டு பேங்கர், "எல்லாம் மாயை, சரி, பேங்க் ஸ்டேட்மென்ட் பார்த்து எத்தனை நாளாச்சு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

ஏனென்றால் அந்தக் காலம் முழுக்க கோஹனின் வரவு செலவு, முதலீடு, ராயல்டி எல்லாம் அவருடைய மேலாளர் கையில் இருந்தது. பல வருஷப் பழக்கம், குடும்பத்தில் ஒருவர் மாதிரி. மடத்தில் இருப்பவருக்கு எதற்கு பாஸ்புக்?

2004ல் லாஸ் ஏஞ்சல்ஸில் இருந்த அவர் மகளுக்கு ஒரு தகவல் வந்தது. உன் அப்பாவைக் கணக்குகளைப் பார்க்கச் சொல், இல்லாவிட்டால் ஒன்றும் மிஞ்சாது என்று. கோஹன் பேங்குக்குப் போனார். சில நாள் முன்னால்தான் மேலாளரின் கிரெடிட் கார்டு பாக்கி 75,000 டாலர் அவர் கணக்கிலிருந்து கட்டப்பட்டிருந்தது. தோண்டத் தோண்ட இன்னும் வந்தது. ஓய்வுக் காலத்துக்கென்று வைத்திருந்த நிதியில் 50 லட்சம் டாலருக்கு மேல் காணோம், மிச்சம் இருந்தது சுமார் ஒன்றரை லட்சம் என்று 2005ல் அவர் வழக்குப் போட்டார். வக்கீல் செலவுக்கு வீட்டை அடமானம் வைக்க வேண்டி வந்தது. 2006ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றம் அவருக்கு 90 லட்சம் டாலர் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. எதிர்த் தரப்பு கோர்ட் பக்கமே வரவில்லை. தீர்ப்பு வாங்குவது ஒன்று, பணம் வசூலிப்பது வேறு ஒன்று. வாராக்கடன் பிரிவில் வேலை பார்த்த எவரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பாடல் உரிமைகளில் பெரும்பகுதி அதற்கு முன்பே விற்றாகிவிட்டது. அதாவது பழைய பாட்டுகள் உட்கார்ந்த இடத்தில் சோறு போடாது. 70 வயது மனிதரிடம் மிச்சம் இருந்த ஒரே சொத்து, நேரில் போய்ப் பாடுவது.

இங்கே கொஞ்சம் நிறுத்தி என் கதை ஒன்றைச் சொல்கிறேன். நான் மும்பையில் ஒரு கிளையில் ஆபீசராக இருந்த சமயம். தமிழ்ப் பெரியவர் ஒருவர் வாடிக்கையாளர். ஃபோர்ட் பக்கம் ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. முழங்கால் வலி, மாடி ஏற முடியாது. அதனால் சொந்தக்காரப் பையன் ஒருவன் பேங்க் வேலையெல்லாம் பார்த்துக்கொடுப்பான். நல்ல பையன், எங்களுக்கும் பழக்கம், தீபாவளிக்கு ஸ்வீட் கொண்டுவந்து தருவான். டெபாசிட் ரசீதின் பின்னால் பெரியவர் கையெழுத்துப் போட்டிருக்கும். முதிர்வுக்கு முன்னால் முடித்து, சேமிப்புக் கணக்கில் வரவு வைத்து, பிறகு செக் போட்டு எடுப்பான். பெரியவருக்கு வைத்தியச் செலவு என்பான். கையெழுத்து மாதிரிக் கார்டோடு அச்சாக ஒத்துப்போகும். நான்தான் பாஸ் செய்தேன். மூன்று ரசீது.

ஒரு நாள் பெரியவரே மெதுவாகப் படியேறி வந்தார். வட்டி ஏன் குறைகிறது என்று கேட்க வந்தவர். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னேன். அவர் ரசீதுகளைக் காட்டச் சொன்னார். எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்த்தார். "கையெழுத்து என்னோடதுதான் தம்பி" என்றார். "ரினியூவல்னு சொன்னான், போட்டேன். உங்க மேல ஒண்ணும் தப்பில்ல."

தப்பில்லைதான். ஆடிட்டில் ஒரு வரி கூட வரவில்லை. விதிப்படி எல்லாம் சரி. ஆனால் மூன்றாவது ரசீது வந்தபோதாவது ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். நம்பர் என் கையில் இருந்தது. கவுண்ட்டரில் கூட்டம், நான் கேட்கவில்லை. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, வீட்டில் தவிர.

பெரியவர் போலீசுக்குப் போகவில்லை, சொந்தக்காரர்கள் தடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து மாதுங்காவில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் லெட்டர் டைப் அடிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்கு 71 வயது. மாதா மாதம் முதல் வாரத்தில் வருவார். சலானைத் தானே நிரப்புவார். கொஞ்சம் பணம் கட்டுவார். பழசைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். "ஆபீஸ்ல புது மெஷின் தம்பி, எனக்குப் பழக்கிட்டாங்க" என்று சிரிப்பார். அவர் டைப் அடித்த கடிதம் ஒன்றை ஒரு தடவை பார்த்தேன். ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

அந்த வருஷத்தில்தான் இந்த சிடியை வாங்கினேன். அதனால்தான் எனக்கு இது இப்படிக் கேட்கிறதோ என்னவோ.

சரி, கதைக்கு வருவோம். பதினைந்து வருஷமாக மேடை ஏறாத, 73 வயது மனிதரின் டிக்கெட்டை யார் வாங்குவார்கள்? கோஹனுக்கே இந்தச் சந்தேகம் இருந்தது. ராப் ஹாலெட் என்ற இங்கிலாந்து நிகழ்ச்சி அமைப்பாளர் விடவில்லை. ஒத்திகைச் செலவை நாங்கள் ஏற்கிறோம், திருப்தி இல்லை என்றால் வேண்டாம், விட்டுவிடலாம் என்றார். பேங்க் பாஷையில் சொன்னால் ஜாமீன் இல்லாத கடன்.

மாதக்கணக்கில் ஒத்திகை நடந்தது. குழுவுக்குத் தலைமை பாஸ் கிடார் வாசிக்கும் ராஸ்கோ பெக், 1979லேயே கோஹனோடு வாசித்தவர். ஸ்பெயினிலிருந்து ஹேவியர் மாஸ் என்ற தந்தி வாத்தியக்காரர். நீல் லார்சன் ஹாமண்ட் ஆர்கன், பாப் மெட்ஸ்கர் கிடார், டினோ சோல்டோ சாக்ஸபோன், ராஃபேல் கயோல் டிரம்ஸ். கூடப் பாட மூன்று பெண்கள். அதில் ஷரோன் ராபின்சன், கோஹனோடு சேர்ந்து பல பாட்டுகள் எழுதியவர். மற்ற இருவர் வெப் சகோதரிகள்.

2008 மே 11ஆம் தேதி முதல் கச்சேரி. இடம் கனடாவில் ஃப்ரெடரிக்டன் என்ற சிறிய ஊர், சுமார் 700 பேர் உட்காரும் ஹால். பெரிய ஊருக்குப் போகும் முன்னால் சின்ன ஊர்களில் பாடிப் பார்த்துக்கொண்டார். ஜூன் கடைசியில் கிளாஸ்டன்பரி விழா. ஜூலை 17ல் லண்டன் ஓ2, சுமார் 20,000 பேர் கொள்ளும் அரங்கம். இரண்டே மாதத்தில் 700லிருந்து 20,000.

இப்போது சிடியைப் போடுங்கள். கைதட்டல் அலை மாதிரி எழும்பி அடங்கும்போதே ஹேவியர் மாஸின் தந்திகள் கேட்கும். பிறகு அந்தக் குரல். 1970ல் மெல்லியதாக, கொஞ்சம் மூக்கால் வந்த குரல் இப்போது சிகரெட்டும் காலமும் சேர்ந்து கரகரத்து அடியில் போய் உட்கார்ந்துவிட்டது. அவர் அதை மறைக்கப் பார்க்கவில்லை. எட்டாத ஸ்வரத்துக்கு எம்பவே மாட்டார். உயரமான இடங்களை மூன்று பெண்களிடம் விட்டுவிட்டு, தான் தரையில் நின்றுகொள்வார்.

பாட்டுகளுக்கு நடுவே பேசுகிறார். இந்த ஊரில் கடைசியாக மேடை ஏறி பதினாலு பதினைந்து வருஷம் ஆச்சு, அப்போது எனக்கு அறுபது, கனவு கண்டுகொண்டிருந்த சின்னப் பையன் என்கிறார். கூட்டம் சிரிக்கிறது. அதற்குப் பிறகு தின்ற மனச்சோர்வு மாத்திரைகளின் பெயரையெல்லாம் மெடிக்கல் ஷாப் பில் மாதிரி வரிசையாகச் சொல்கிறார். மதங்களையும் தத்துவங்களையும் ஆழ்ந்து படித்தேன், என்ன செய்தும் உற்சாகம் நடுவில் புகுந்து கெடுத்துவிட்டது என்கிறார். 'டவர் ஆஃப் சாங்' பாட்டில் சின்ன கீபோர்டில் இவரே ஒரு துண்டு வாசிக்கிறார், நம் வீட்டுக் குழந்தைகள் முதல் மாதம் வாசிக்கும் தரத்தில். அதற்கு விழும் கைதட்டலைக் கேட்க வேண்டுமே! 'இஃப் இட் பி யுவர் வில்' பாட்டில் சில வரிகளைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறார். வெப் சகோதரிகள் பாடுகிறார்கள். தன் பாட்டில் தானே ரசிகராக நிற்பது எல்லோருக்கும் வராது.

டிவிடியில் இன்னும் நன்றாகத் தெரியும். ஒவ்வொரு வாத்தியக்காரரும் தனியாக வாசிக்கும்போது தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு தலை குனிந்து நிற்பார். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி, அடைமொழி சொல்லி அறிமுகம் செய்வார். ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப. முழங்காலிட்டுப் பாடுவார். பாட்டு முடிந்து மேடையை விட்டுப் போகும்போது சின்னப் பையன் மாதிரி துள்ளிக்கொண்டு ஓடுவார். 'ஹாலேலூயா' வரும்போது, கம்பெனி வேண்டாம் என்ற பாட்டுக்கு 24 வருஷம் கழித்து இந்த வரவேற்பு என்று நினைத்துக்கொண்டே கேளுங்கள்.

நான் பல தடவை தேடிப் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டரை மணி நேரத்தில் எங்கேயாவது அந்தப் பணத்தைப் பற்றி, துரோகத்தைப் பற்றி ஒரு வார்த்தை வருகிறதா என்று. வரவில்லை. 2005லேயே பேட்டிகளில் இதைப் பற்றிக் கேட்டபோது, மனநிலையைக் கொஞ்சம் நசுக்கப் போதுமான தொகைதான் என்ற அளவில் கிண்டலாக முடித்துக்கொண்டவர் அவர். கோபம் இல்லாமல் இருந்திருக்காது. ஆனால் டிக்கெட் வாங்கி வந்தவன் அதற்குப் பொறுப்பில்லை. வந்தவனுக்குச் சேர வேண்டியது நல்ல கச்சேரி. அதைப் பைசா குறையாமல் கொடுத்திருக்கிறார். பணத்துக்காக மேடை ஏறினார் என்று சிலர் ஏளனமாகச் சொல்வதுண்டு. ஆமாம், பணத்துக்காகத்தான். அதில் என்ன குறை? பணத்துக்காகச் செய்கிற வேலையையும் இப்படி, அடித்தல் திருத்தல் இல்லாமல் செய்யலாம் என்பதற்கு இந்த ஒலிப்பதிவுதான் எனக்கு அத்தாட்சி.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2008 டிசம்பரில் இங்கிலாந்தில் ஒரு டிவி போட்டியில் ஜெயித்த பெண் பாடிய 'ஹாலேலூயா' கிறிஸ்துமஸ் வாரத்தில் முதலிடம். ஜெஃப் பக்லி பாடியது இரண்டாமிடம். கோஹன் பாடியதே 36ஆம் இடத்தில்! 2009 செப்டம்பர் 18ஆம் தேதி ஸ்பெயினில் வலென்சியா மேடையில் மயங்கி விழுந்தார். மூன்றே நாளில், தன் 75ஆவது பிறந்தநாளன்று, பார்சிலோனாவில் பாடினார். 2010 டிசம்பரில் லாஸ் வேகஸில் அந்தச் சுற்றுப்பயணம் முடிந்தபோது, போனதை விட அதிகமாகவே சம்பாதித்துவிட்டார். அப்புறமும் நிறுத்தவில்லை. 2012லும் 2013லும் மறுபடி கிளம்பினார். கடைசிக் கச்சேரி 2013 டிசம்பர் 21ஆம் தேதி ஆக்லாந்தில். உயிரோடு இருந்தபோது வெளிவந்த கடைசி ஆல்பம் 2016 அக்டோபரில் வந்தது. நவம்பர் 7ஆம் தேதி, 82 வயதில், காலமானார். அந்தப் பணம் திருடு போகாமல் இருந்திருந்தால் இந்த எட்டு வருஷமும், இந்த லண்டன் ராத்திரியும் நமக்குக் கிடைத்திருக்குமா என்று தெரியாது. அதற்காகத் திருடியவருக்கு நன்றி சொல்ல என்னால் முடியாது. எத்தனை பேருக்கு எழுபது வயதில் அப்படி ஒரு குரல் மிச்சம் இருக்கும்?

முதலில் காரணம் என்று சொன்னேனே, அது இதுதான். நம்மில் பலர் மும்பை, புனே, தில்லி, பெங்களூரு என்று இருக்கிறோம். அப்பா அம்மா ஊரில் தனியாக. பேங்க் வேலைகளை யாரோ ஒரு நல்ல பையன் பார்த்துக்கொள்கிறான். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பேர் உண்மையிலேயே நல்ல பையன்கள்தான், அவர்கள் இல்லாவிட்டால் நம் பெற்றோர் பாடு திண்டாட்டம். ஆனாலும் அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பாஸ்புக்கை அப்பாவோடு பக்கத்தில் உட்கார்ந்து ஒரு தடவை பாருங்கள். எழுதாத செக்கில் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். டெபாசிட் யார் பெயரில், நாமினி யார், எஸ்.எம்.எஸ். எந்த நம்பருக்குப் போகிறது என்று கேளுங்கள். சந்தேகப்படுகிறாயா என்று அம்மா கோபித்துக்கொள்வாள். கோபித்துக்கொள்ளட்டும். கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவனுக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும்.

அந்தப் பெரியவர் கடைசியாக வந்த அன்று நான் மாற்றல் ஆகிப் போவதைச் சொன்னேன். நல்லா இருங்க தம்பி என்று கையைப் பிடித்துக்கொண்டார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

இந்த ஞாயிறும் சிடியைப் போட்டேன். என் பெண் இப்போதெல்லாம் பாடறாரா பேசறாரா என்று கேட்பதில்லை. இரண்டாவது சிடி ஓடும்போது ஹோம்வொர்க் நோட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். தாத்தா துள்ளிக்கொண்டு ஓடுவதைப் பார்க்க வேண்டுமாம். டிவிடி தேடிக்கொண்டிருக்கிறேன், எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை.